பின் சீட்டில் இரண்டு பாட்டில்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான். நான் கோவில்பட்டி வரைக்கும். நீங்க? திருநெல்வேலியா. அப்ப நான் இறங்கினதும் நீங்க கால நீட்டிக்கிட்டே போகலாம்.

கோவில்பட்டியில என் மச்சான் வீடு. என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா, தை மாசத்துல இருந்து. கூட்டிட்டு வரத்தான் போறேன். சண்டையா? சண்டையெல்லாம் இல்ல சார். சண்டைன்னா அவ நாலு வார்த்தை பேசியிருக்கணும், நான் நாலு வார்த்தை பேசியிருக்கணும். அப்படி ஒண்ணும் நடக்கல. இது அந்த ஆப் வண்டியால வந்தது. போன்ல தட்டினா வருமே, அந்த வண்டி. அதனாலதான் பாருங்க, ரயில்ல டிக்கெட் மதுரை வரைக்கும்தான் கிடைச்சுது, அங்க இருந்து கோவில்பட்டிக்கு ஆப்ல கார் போட்டுக்கோங்கப்பான்னு பொண்ணு சொல்றா, நான் மாட்டேன்னு மாட்டுத்தாவணியில வந்து பஸ் ஏறியிருக்கேன். இனிமே அந்த வண்டியில கால வைக்கறதா இல்ல.

என் பேரு ஆவுடையப்பன். அம்பத்தூர்ல சைக்கிள் செயின் கம்பெனி, அதுல கடைசி இன்ஸ்பெக்‌ஷன் என்னுது. போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். எல்லாரும் பாத்து முடிச்சு, பெட்டியில அடைக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கணும். ஒரு கண்ணி கோணலா இருந்தா என் கை தொட்டதுமே சொல்லிடும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு செயின் வெளிய போனதில்ல சார். ஜப்பான்காரன் வந்து பாத்துட்டு என் முதுகுல தட்டிட்டுப் போனான். பெருமைக்குச் சொல்லல. நான் கவனம் இல்லாத ஆளுன்னு என் பொண்ணு இப்ப சொல்றாளே, அதுக்காகச் சொல்றேன்.

பொண்ணு நிவேதா புனேயில இருக்கா. எங்க கல்யாண நாளுக்கு அவதான் இந்த ஏற்பாடு. அப்பா, அம்மாவும் நீங்களும் எங்கயுமே போனதில்ல, நாசிக் போயிட்டு வாங்கன்னா. நாசிக்ல என்னம்மா இருக்கு, கோயிலான்னேன். கோயிலும் இருக்கு, ஊரச் சுத்தி திராட்சைத் தோட்டம் இருக்கு, அங்கயே ஒயின் பண்றாங்க, போய் ருசி பாக்கலாம், எல்லாத்துக்கும் சொல்லி வெச்சிட்டேன்னா. நான் கம்பெனி ஆண்டு விழாவுல கொஞ்சம் போடுவேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி இருமல் மருந்து குடிக்கறதுக்கே மூக்கப் புடிப்பா. அவளைப் போய் ஒயின் ருசி பாக்கக் கூட்டிட்டுப் போறதான்னு சிரிச்சேன். அவ பொட்டிய எடுத்துத் தூசி தட்டினா. வர்றான்னு அர்த்தம்.

குடிச்சிட்டு வண்டி ஓட்டக்கூடாது, அதனால தோட்டத்துக்குத் தோட்டம் ஆப்ல வண்டி போட்டுக்கோங்கன்னு பொண்ணு என் போன்ல எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துட்டா. என் வீட்டுக்காரி போன்ல? அவளுக்கு எதுக்கு சார். கூடவேதானே வர்றா.

அவ பேரு செண்பகம். முழுப்பேரு செண்பகவல்லி. இப்ப உங்ககிட்டச் சொல்றேனே தவிர, வீட்டுல பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘இந்தா’ன்னா அவதான். வீட்டுல வேற யாரு இருக்கா?

நாசிக்ல முத நாள் காலையில கிளம்பினோம். வண்டி வந்துச்சு. நான் முன்னாடி ஏறினேன், அவ பின்னாடி ஏறினா. டாக்ஸின்னா எப்பவும் அப்படித்தான். ஆம்பளை ரெண்டு பேரு முன்னாடி உக்காந்தாத்தானே டிரைவரும் ஒழுங்கா ஓட்டுவான். வழி சொல்லணும், அவன் தூங்காமப் பாத்துக்கணும், ஏசி கூட்டணும் குறைக்கணும், எவ்வளவு வேலை இருக்கு. நான் அந்தக் காலத்துல கம்பெனி விஷயமா புனேயில கொஞ்ச நாள் இருந்தேன், எனக்கு இந்தி வரும். டிரைவர்கிட்ட திராட்சைக்கு எப்ப மருந்து அடிக்கறான், வெங்காயம் என்ன விலை போகுது, எல்லாம் விசாரிச்சுக்கிட்டே போனேன். இறங்கினதும் அந்த ஆப்பு கேக்கும்ல, எத்தனை ஸ்டார்னு. நான் மூணுதான் குடுப்பேன். வளைவுல ஹாரன் அடிக்கல, ஒண்ணு குறைச்சேன். சீட்டு உறை அழுக்கு, அதுக்கு ஒண்ணு. அஞ்சு குடுக்கற அளவுக்கு இதுவரைக்கும் எனக்கு ஒரு வண்டி அமையல.

ரெண்டு தோட்டம் நல்லபடியாப் போச்சு. மூணாவது தோட்டம் ஊரை விட்டு ரொம்ப தூரம், அணைக்கு அந்தப் பக்கம். போகும்போதே டிரைவர் சொன்னான், ஸாப், வரும்போது வண்டி கிடைக்கறது கஷ்டம், காத்திருக்கட்டுமான்னு. வேணாம்னுட்டேன். ஆப் இருக்கும்போது எதுக்கு?

அங்க ஒரு சின்னப் பொண்ணு நின்னு ஊத்திக் குடுக்குது. ஊத்தறதுன்னா ஒரு மடக்கு கூட இல்ல சார், கண்ணாடிக் கோப்பையோட அடியில நனையற அளவுக்கு. அத ஆட்டணுமாம். மூக்குக்குள்ள வெச்சு மோந்து பாக்கணுமாம். அப்புறம் வாயில வெச்சுக் கொப்பளிச்சுத் துப்பணுமாம், அதுக்குன்னு ஒரு பானை வேற. நான் துப்பல. செண்பகம் அந்தப் பொண்ணு சொன்னத அப்படியே செஞ்சா. கண்ண மூடிக்கிட்டு மோந்தா. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல.

அந்தப் பொண்ணு அவளைப் பாத்து, என்ன வாசம் வருது ஆன்ட்டின்னு கேட்டுது. அவகிட்ட என்ன கேக்கறன்னு நான் குறுக்க புகுந்து, அவளுக்கு இதெல்லாம் தெரியாதும்மான்னேன். அதுக்குள்ள இவ பேச ஆரம்பிச்சிட்டா. இந்தியில! எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. நிவேதா சின்னப் புள்ளையா இருந்தப்ப இந்தி சபா பரீட்சை எழுதினாள்ல, அவளை உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்க இவளும் கூடவே படிச்சிருக்கா. எல்லாப் பரீட்சையும் பாஸாம். எங்க சார் சொன்னா? வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு, எனக்குத் தெரியல.

என்ன சொன்னா தெரியுமா? எங்க ஊரு கரிசக்காட்டுல முத மழை விழுந்ததும் பருத்திச் செடிக்கு அடியில இருந்து ஒரு வாசம் வரும், இதுல அது வருதுன்னா. அந்தப் பொண்ணு பாட்டில கீழ வெச்சிட்டு, இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்கங்குது. இன்னொரு கோப்பை ஊத்துது. இவ மோந்து பாத்து இன்னொண்ணு சொல்றா. சிரிக்கறா. ரெண்டு பேரும் ஏதோ ஒண்ணாப் படிச்சவங்க மாதிரி பேசிக்கிட்டு நிக்கறாங்க. எனக்கு என்ன வேலை அங்க? ரெண்டு பாட்டில் வாங்கி, கட்டி வைக்கச் சொல்லிட்டு, வண்டி போடலாம்னு வெளிய வந்தேன்.

இங்கதான் சார் ஆரம்பிச்சுது. வண்டி வருதுன்னு காட்டும், கேன்சல் ஆகும். இன்னொருத்தன் பேரு வரும், போன் பண்ணி எங்க போகணும்பான், சொன்னதும் கேன்சல். உள்ள டவர் இல்ல. கேட்டு வரைக்கும் நடந்து போய், போனத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வெயிலு. குடிச்சது வேற கிறுகிறுன்னு வருது. கடைசியா ஒருத்தன் வர்றேன்னு வந்தான். எங்க இவனும் போயிடுவானோன்னு எனக்குப் படபடப்பு. உள்ள பாத்து ‘இந்தா, வண்டி வந்துடுச்சு’ன்னு சத்தம் போட்டுட்டு, நான் முன்னாடி ஏறி ஓடிபி நம்பரச் சொன்னேன். பின் கதவு திறந்துச்சு. சாத்துச்சு. போலாம்னேன்.

கதவு சாத்தினது யாரு? அந்தத் தோட்டத்து வாட்ச்மேன். நான் வாங்கின ரெண்டு பாட்டிலயும் பின் சீட்டுல வெச்சிட்டுச் சாத்தியிருக்கான். நீங்களே சொல்லுங்க சார், கதவு சத்தம் கேட்டா வீட்டுக்காரி ஏறிட்டான்னுதானே நினைப்போம்? யாராவது கழுத்தத் திருப்பிப் பாப்பாங்களா?

நீங்க பாப்பீங்களா. சரி.

டிரைவர் பாத்திருக்கலாம்ல? அவன் கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி இருக்கு. ரெண்டு பேரா ஒரு பேரான்னு கேட்டிருக்கலாம்ல?

அன்னிக்கு வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே வந்தேன். அதுதான் சார் வேடிக்கை. வழக்கமா டிரைவர்கிட்டதான் பேசுவேன். அன்னிக்கு அவன் வாயத் திறக்காத ஆளு. எனக்கோ உள்ள போனது வேலை செய்யுது. அதனால பின்னாடி இருக்கறவகிட்டப் பேசினேன். என்ன, அந்தப் பொண்ணுகிட்ட அவ்வளவு பேச்சுன்னேன். பதில் இல்ல. கோவமான்னேன். பதில் இல்ல. அவ பதில் சொல்லாட்டி எனக்கு வித்தியாசமாத் தெரியாது சார், வீட்டுலயும் அப்படித்தான். நான் பேசுவேன், அவ கேட்டுக்குவா.

அப்புறம் சொன்னேன். பருத்திக்காட்டு வாசம்னு சொன்னியே, நல்லாச் சொன்ன, எனக்கு மூக்குல ஒண்ணுமே ஏறல, நீ சொன்ன பிறகு மோந்து பாத்தா அதேதான் வந்துச்சுன்னு சொன்னேன். நீ இந்தி படிச்சது எனக்குத் தெரியாமப் போச்சே, எப்ப படிச்ச, நான் ஷிப்டுக்குப் போன பிறகான்னு கேட்டேன். சிரிச்சா நல்லா இருக்க, இப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சுன்னும் சொன்னேன். அந்த அணைக்கட்டு ரோட்டுல ரெண்டு பக்கமும் தண்ணி, வெயில் இறங்கிடுச்சு, நல்லா இருந்துச்சு சார். அடுத்த வருஷமும் எங்கயாவது போலாம்னேன். பழைய கதையெல்லாம் கூடப் பேசினேன். நான் அப்படிப் பேசற ஆளே கிடையாது.

சொல்ல வேண்டியது எல்லாத்தையும் அன்னிக்குச் சொல்லிட்டேன். அவ வண்டியில இல்லன்னா அது என் தப்பா?

ஓட்டல்ல இறங்கினதும் போனப் பாத்து ஸ்டார் போட்டுக்கிட்டே லிப்டுக்குப் போனேன். பின்னாடி யாரோ பாட்டில் கிணுகிணுக்க வந்தாங்க. ரூம் கதவத் திறந்து பாத்ரூமுக்குப் போயிட்டு வந்தா, ஓட்டல் ஆளு பையை மேசை மேல வெச்சிட்டு நிக்கறான். செண்பகம் கீழ உக்காந்திருப்பா போலன்னு படுத்தேன். அப்படியே தூங்கிட்டேன். முழிச்சப்ப இருட்டிடுச்சு. ரூம்ல தண்ணி கொதிக்க வைக்கற ஜக்கும் காப்பித்தூள் பொட்டலமும் இருந்துச்சு. காலையில அவதான் போட்டுக் குடுத்தா. ‘இந்தா, ஒரு காப்பி’ன்னேன். ஜக்கு சத்தம் வரல. அப்பத்தான் திரும்பிப் பாத்தேன்.

ஆமா சார். அப்பத்தான்.

போன் பண்ணினேன். எடுத்தா. எங்க இருக்கன்னேன். நீங்க விட்ட இடத்துலதான், கேட்டு வாசல்ல உக்காந்திருக்கேன்னா. அழல, கத்தல. இருடி வர்றேன்னு சொல்லிட்டு வண்டி போட்டா, ஒருத்தன் வர மாட்டேங்கறான். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் போக ஆளே இல்ல. ரிசப்ஷன்ல சத்தம் போட்டேன், ஆப்ப அழிச்சு மறுபடியும் ஏத்தினேன், ஒண்ணும் நடக்கல. மறுபடி அவளுக்கே போன் பண்ணினா எடுக்கல. அப்புறம் நிவேதா கூப்பிட்டா. அம்மா புனேக்கு வந்துக்கிட்டிருக்காங்கப்பா, நீங்க தூங்குங்கன்னா. அந்த ஊத்திக் குடுத்த பொண்ணு இருக்கே, அது இவ போன்ல ஆப்ப ஏத்தி, வெளியூர் வண்டி ஒண்ணு போட்டு அனுப்பி வெச்சிருக்கு. எனக்குக் கிடைக்காத வண்டி அவளுக்கு எப்படிக் கிடைச்சுது? அதத்தான் இன்னிக்கு வரைக்கும் என்னால கண்டுபிடிக்க முடியல.

அவ கையிலதான் போன் இருந்துச்சு. நான் போனதும் ஒரு போன் அடிச்சிருந்தா, வண்டியத் திருப்பியிருப்பேன். அத்தனை நேரம் போனக் கையில வெச்சுக்கிட்டு ஏன் சும்மா உக்காந்திருந்தான்னு நிவேதாகிட்டக் கேட்டேன். அவ போன வெச்சிட்டா.

விருதுநகரா இது? ஆமா. பஸ் கொஞ்ச நேரம் நிக்கும். டீ குடிக்கறதுன்னா குடிச்சிட்டு வாங்க, சீட்ட நான் பாத்துக்கறேன். வேணாமா. சரி.

நான் ஆப் கம்பெனிக்குப் புகார் குடுத்தேன். பயணிய வழியில விட்டுட்டு வந்துட்டான், திருப்பச் சொன்னேன், திருப்பலன்னு எழுதினேன். ஆமா, திருப்பச் சொல்லலதான். ஆனா சொல்லியிருந்தாலும் திருப்பியிருக்க மாட்டான், அந்த மூஞ்சி அப்படி. வருந்துறோம்னு பதில் வந்துச்சு, அடுத்த பயணத்துக்குச் சலுகையாம். அந்த டிரைவர் எப்படியோ நம்பரப் புடிச்சுக் கூப்பிட்டான். ஸாப், என்னை வண்டி ஓட்ட விடாம நிறுத்திட்டாங்க, நான் என்ன பண்ணினேன்னான். பின்னாடி ஆள் இல்லன்னு ஏன் சொல்லலன்னேன். நீங்க வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தீங்க, பாஷை புரியல, போன்ல யாரோ ரொம்ப வேண்டியவங்ககிட்டப் பேசறீங்கன்னு நெனச்சேன், நடுவுல புகுந்து கெடுக்கக் கூடாதுன்னு சும்மா இருந்தேன்னான்.

நான் போன வெச்சிட்டேன்.

செண்பகம் புனேயில ரெண்டு மூணு நாள் இருந்தா. நான் போய் நின்னேன். வாங்கன்னா, சாப்பாடு போட்டா, எங்கூடக் கிளம்பல. அங்க இருந்து நேரா அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நான் அம்பத்தூர்ல தனியா இருக்கேன். கஷ்டமான்னா, கஷ்டம்னு சொல்ல முடியல சார். பல்லு புடுங்க ஊசி போடுவாங்கள்ல, கன்னத்துல தட்டினா வேற யாரோட கன்னத்துலயோ தட்டற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கு. மெஸ்ல சாப்பிடறேன். உப்பு தூக்கலா இருந்தாலும் தெரியல. டிவிய வெச்சிட்டு உக்காந்திருக்கேன், என்ன ஓடுதுன்னு தெரியல. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, என்ன சார் எப்பவும் யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்கீங்கன்னாரு. பேசறேனாம்.

ஒண்ணே ஒண்ணு கேட்டு விட்டிருக்கா, பொண்ணு மூலமா. ‘நான் வண்டியில இல்லன்னு உங்களுக்கு எந்த இடத்துல தெரிஞ்சுது? அத மட்டும் உள்ளபடி சொல்லுங்க, நான் வந்துடறேன்.’ அவ்வளவுதான் கேட்டது. வேற குறையே சொல்லல. அதுக்கு நேர்ல பதில் சொல்லத்தான் இப்ப போறேன்.

என்ன சொல்லப் போறேனா? தோட்டத்துல இருந்து கொஞ்ச தூரம் போனதுமே பாத்துட்டேன், டிரைவர் திருப்ப மாட்டேன்னுட்டான், போன் அடிக்க டவர் இல்லன்னு சொல்லப் போறேன். நம்பற மாதிரிதானே இருக்கு? அங்க டவர் இல்லங்கறது உண்மை. எந்தப் பொம்பளை சார் காப்பி கேக்கத் திரும்பினப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னா வருவா? நீங்க சொல்றது சரிதான், உள்ளதச் சொல்லணும், நல்லாத்தான் இருக்கு கேக்க. ஆனா உங்க வீட்டுல நடந்தா நீங்க சொல்லுவீங்களா?

இருங்க, போன் அடிக்குது. அவதான். செண்பகமே கூப்பிடறா சார்! தையில இருந்து அவளாக் கூப்பிட்டதே இல்ல. கொஞ்சம் இருங்க.

ஆங், சொல்லு. சாத்தூர்கிட்ட வந்துட்டேன். இல்ல, பஸ்ஸுலதான். ஆமா. என்ன? இப்பவே கேக்கணுமா, நேர்ல வந்து... சரி சரி. கொஞ்ச தூரம் போனதுமே பாத்துட்டேன்ம்மா. கேட்டத் தாண்டி ஒரு வளைவு வரும்ல, அங்கயே. அவன்தான் திருப்பல. போன் அடிக்கலாம்னா டவர்... ஆங்? இருக்கியா? ஹலோ. ம். ம். சரி. சரி, வர்றேன்.

வெச்சிட்டா. பாத்தீங்களா சார்? ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. சரின்னா. வாங்க, மதியச் சாப்பாடு செஞ்சு வைக்கறேன், சாப்பிட்டுட்டுப் போங்கன்னா. கோவம் இருந்தா சாப்பிடச் சொல்லுவாளா? சாயங்கால ரயிலுக்கு டிக்கெட்டும் போடறாங்களாம். இப்பத்தான் அண்ணன்கிட்டச் சொல்லிப் போடச் சொன்னாளாம், நான் திரும்பி பஸ்ஸுல அலைய வேணாம்னு. எப்படி யோசிச்சிருக்கா பாருங்க. நீங்க என்னமோ உள்ளதச் சொல்லுங்க உள்ளதச் சொல்லுங்கன்னீங்க.

எத்தனை டிக்கெட்டா?

அது கேக்கலையே சார்.

ரெண்டாத்தான் இருக்கும். அவ வர்றேன்னுதானே சொல்லி விட்டிருந்தா. ஒண்ணுன்னா ஒண்ணுன்னு சொல்லியிருப்பால்ல. கூப்பிட்டுக் கேக்கலாம்தான். இல்ல, வேணாம். இப்பத்தானே பேசினோம். போய்ப் பாத்துக்கலாம்.